டபடபன்னு சத்தம் வந்தா போதுமா?

இஞ்சின் கட்டுற மக்கள்கிட்ட ஒரு வியாதி இருக்கு. கேட்டலாக்கைத் திறந்த உடனே கண்ணு நேரா பெரிய கேம்ஷாஃப்ட் இருக்குற பக்கத்துக்குத்தான் போகும். இங்க டெக்சாஸ்ல என்கூட பொட்டி தட்டுற நண்பர் ஒருத்தர் 1971 ஷெவர்லே சி10 பிக்கப் வச்சிருக்கார். தினமும் ஆபீசுக்கு அதுலதான் வருவார். இப்ப அந்த 350 வி8 இஞ்சினைப் பிரிச்சுப் போட்டிருக்கார். எந்த கேம் போடலாம்னு கேட்டதுக்கு எல்லாரும் சொன்ன பதில்: "பெருசா போடு மச்சி, சத்தம் கெத்தா இருக்கும்" (மச்சி மட்டும் என் மொழிபெயர்ப்பு).

அய்யா சாமிகளா, அந்தச் சத்தம் எதனால வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு முடிவு பண்றது கேம். பெரிய கேம்ல எக்ஸாஸ்ட் வால்வு மூடுறதுக்கு ரொம்ப முன்னாடியே இன்டேக் வால்வு திறந்துடும். ஐடிலிங்ல எரிஞ்ச புகை திரும்பவும் உள்ள வந்து புது பெட்ரோல் கலவையோட கலந்துடும். இஞ்சின் ஒழுங்கா எரிய முடியாம திணறும். நாம கெத்துன்னு ரசிக்கிறது அந்தத் திணறலைத்தான்! சத்தத்துக்குன்னே கேம் விக்கிறாங்க. காம்ப் கேம்ஸோட தம்ப்பர்ல இருக்குற சின்ன சைஸே 227/241 டிகிரி. சாதாரண 350-ல வந்த கேம் சுமார் 195/202தான்.

இன்னொரு கூத்து, இன்டேக் வால்வு லேட்டா மூடுறது. பிஸ்டன் மேல ஏற ஆரம்பிச்ச பிறகும் வால்வு திறந்திருக்கும். 5000 ஆர்பிஎம்ல பிரச்சினை இல்லை, காத்து வர்ற வேகத்துல அதுவா உள்ள போயிடும். 1500-ல? உறிஞ்சினதுல கொஞ்சத்தை பிஸ்டனே வெளிய தள்ளிடும். 1971-ல ஜிஎம் ஈயம் குறைஞ்ச பெட்ரோலுக்காக கம்ப்ரஷனை ஏற்கனவே குறைச்சிருச்சு. இருக்குற கொஞ்சத்தையும் காத்துல விடுறதுக்கு ஒரு கேம், அதுக்குக் காசு வேற.

3.08 கியர், 28 அங்குல டயர்னு வச்சுக்குங்க. மணிக்கு 70 மைல்ல போனாலே இஞ்சின் சுத்துறது 2600-க்கு கிட்டதான். 5500-ல வர்ற ஹார்ஸ்பவரை இவர் எந்த ரோட்டுல பார்க்கப் போறார்? சிக்னல்ல இருந்து கிளம்பும்போது இழுக்கணும், அதானே லாரிக்கு வேணும்?

எனக்கு நிஜமாவே கோவம் வர்றது பிரேக் விஷயத்துலதான். பவர் பிரேக் பூஸ்டர் இஞ்சினோட வேக்குவத்துல வேலை செய்யுது. நல்ல இஞ்சின்ல ஐடிலிங்ல சுமார் 18 அங்குலம் இருக்கும். முரட்டு கேம் போட்டா 10-க்கு இறங்கிடும். நெரிசல்ல ஊர்ந்துகிட்டே ரெண்டு மூணு தடவை மிதிச்சா பெடல் கல்லு மாதிரி ஆயிடும். வண்டி ஓடலைன்னா பரவாயில்லை, நிக்கலைன்னா?

"வேக்குவம் பம்ப் போட்டுக்கலாம், கன்வர்ட்டர் மாத்தலாம், பின்னாடி கியரும் மாத்தலாம்"னு ஒரு குரூப் கிளம்பும். ஏன்யா, ஒரு இரும்புக் குச்சியை திருப்திப்படுத்த வண்டி முழுக்க மாத்தணுமா? ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்குற வண்டின்னா என்னவோ பண்ணுங்க, நான் கேட்க மாட்டேன்.

நான் சொன்னது எடல்பிராக் பெர்ஃபார்மர், 204/214, லோப் செபரேஷன் 112. கை ரொம்ப அரிச்சா காம்ப் கேம்ஸ் எக்ஸ்இ256, 212/218. அதுக்கு மேல கேட்டலாக்கை மூடி வைக்கணும். நண்பர் இன்னும் ஆர்டர் பண்ணலை, சண்டை தொடருது :-)

டிஸ்கி: மேல இருக்குற டிகிரி எல்லாம் வால்வு லிஃப்டர் 0.050 அங்குலம் ஏறின இடத்துல அளந்தது. அதே பெர்ஃபார்மருக்கு விளம்பரக் கணக்கு 278/288. ஒரு கேமோட 278-ஐயும் இன்னொண்ணோட 227-ஐயும் பக்கத்துல வச்சுக்கிட்டு என்கிட்ட சண்டைக்கு வராதீங்க.