வீட்டுக்குப் புள்ளி போடுவது யார்?



பிரித்தானியாவின் பிபிசி தொலைக்காட்சியில் 2019ஆம் ஆண்டு ஒரு போட்டி தொடங்கியது. ஸ்கொட்லாந்தின் அந்த ஆண்டுக்குரிய சிறந்த வீட்டைத் தெரிவு செய்வதே போட்டி. மூன்று நடுவர்கள் வீடு வீடாகச் செல்வார்கள். ஒவ்வொருவரும் பத்துக்குப் புள்ளி போடுவார்கள், மொத்தம் முப்பது. கட்டடச் சிறப்பு, புதுமையான வடிவமைப்பு, அந்த வீட்டுக்கே உரிய பாணி ஆகியவற்றைப் பார்ப்பார்கள்.

இதில் ஒரு விடயம் என்னை யோசிக்க வைத்தது. நடுவர்கள் வரும்போது வீட்டுக்காரர் வீட்டில் இருப்பதில்லை. முகத்தைப் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்த்துப் புள்ளி போடலாம். போட்டிக்கு அது நல்ல முறைதான். ஆனால் அடுப்பு எரியாத நேரத்தில் குசினியைப் பார்ப்பவருக்குப் புகை எந்தப் பக்கம் போகும் என்று தெரியுமா? அதை அங்கே சமைக்கிறவள்தான் சொல்ல வேண்டும்.

நானும் ஒருவகையில் வீடுகளுக்குப் புள்ளி போடுகிறவள்தான். வெள்ளவத்தையில் வாடகை அறைகளிலும் கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் வாழும் குடும்பங்களைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு படிவம் இருக்கும். சுவர் எதனால் ஆனது? கூரை எதனால் ஆனது? அறைகள் எத்தனை? மலசலகூடம் உண்டா? போரில் கணவரை இழந்து கொழும்புக்கு வந்த ஓர் அம்மா கொட்டாஞ்சேனையில் என்னிடம் சொன்னார்: “பிள்ளை, கல்லுச் சுவர் எண்டு எழுதுங்கோ. அது உண்மைதான். ஆனா கக்கூசுக்கு வெளியிலைதான் போக வேணும், இரவிலை அங்கை வெளிச்சம் இல்லை. என்ரை ரெண்டு பெட்டையளும் விடியுமட்டும் அடக்கிக்கொண்டு கிடக்குதுகள். அதையும் எழுதுங்கோ.” படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் எழுதி வந்தேன்.

குடியிருக்கப் போகிறவர்களைக் கேட்டு வீடு கட்டுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா, 1948இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனத்தில் இணைந்த முதல் ஆசியப் பெண். 1950களில் கண்டி வட்டப்புலுவவில் அரசாங்க ஊழியர்களுக்கான வீடமைப்புத் திட்டம் ஒன்று அவரிடம் வந்தது. அவர் முதலில் வரைபடத்தை நீட்டவில்லை. குடியேறப் போகும் குடும்பங்களிடம் கேள்விப் பத்திரம் கொடுத்தார். எப்படி வாழ்கிறீர்கள், என்ன தேவை என்று கேட்டார். கூட்டங்கள் வைத்துப் பேசினார். பல இனங்களையும் சேர்ந்த அந்தக் குடும்பங்களின் பதில்களைப் பார்த்த பிறகே வீட்டு வகைகளைத் தீர்மானித்தார்.

போருக்குப் பின் நமது பிரதேசங்களில் இரண்டு விதமும் நடந்தன. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான குடும்பங்கள் தவணை தவணையாக ஐந்தரை இலட்சம் ரூபாய் பெற்றுத் தாங்களே நின்று கட்டின. பணம் போதாமல் கடன்பட்டவர்கள் பலர். அதை மறைக்க முடியாது. ஆனாலும் குசினி எந்தப் பக்கம், கதவு எங்கே என்பதில் அவர்களுக்கு ஒரு சொல் இருந்தது. அதன்பின் 65,000 இரும்புப் பொருத்து வீடுகளைக் கொண்டுவரும் யோசனை வந்தது. ஒரு வீட்டுக்கு இருபது இலட்சத்துக்கு மேல் செலவு என்று கணக்கிட்டார்கள். மாதிரி வீடுகளைப் பார்த்த மக்களும் கட்டட நிபுணர்களும் கேள்வி எழுப்பினார்கள். இந்த வெயிலுக்கு இரும்பு தாங்குமா? விறகடுப்பை எங்கே வைப்பது? பிறகு ஓர் அறை கூட்டிக் கட்ட முடியுமா? ஊர் மேசனுக்கு வேலை இல்லையா? அந்தத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. கேள்வி கேட்டதன் பலன் அது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டுக்கு நீங்களே நடுவர். ஏதாவது திட்டத்தில் உங்கள் பெயர் வந்தால், அத்திவாரம் வெட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

இரவில் உள்ளேயிருந்து கதவைப் பூட்டலாமா? மலசலகூடத்துக்கும் கிணற்றடிக்கும் பயமில்லாமல் போகலாமா? குசினிப் புகை வெளியே போக வழி உண்டா? வளர்ந்த பெண் பிள்ளை உடை மாற்ற மறைவு உண்டா? கால் இழந்தவர், வயதானவர் இருந்தால் படியில்லாமல் உள்ளே வரலாமா? தையல் இயந்திரம் வைக்க வெளிச்சமான ஓர் இடம் உண்டா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. பத்திரம் யார் பெயரில்? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அரச காணிகளில், பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறிப்பிடாவிட்டால் மகளுக்கு முன் மகனுக்கே உரிமை போனது. 2022இல் வந்த திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இதைத் தெரிந்துகொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். காணிக் கிளையில் உங்கள் அனுமதிப்பத்திரத்தைக் காட்டி, அதில் யாருடைய பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளராக யார் பதியப்பட்டிருக்கிறார் என்று கேளுங்கள். தனியே போகத் தயங்கினால் மாதர் சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மேலே சொன்ன கேள்விகளில் நான் விட்டவை இருக்கும். உங்கள் வீட்டில் நீங்கள் படும் சிரமம் எது, எந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த படிவம் தயாரிக்கும்போது அவற்றை ஓரத்தில் அல்ல, நடுவிலேயே எழுதுவோம்.