மேலே பூசுவதா? சுரண்டிப் பூசுவதா?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வீட்டுச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பது நமக்குப் புதிதன்று. சுவர் உறுதியாக இருந்தால் தூசு தட்டி மேலேயே ஒரு பூச்சுக் கொடுத்துவிடுகிறோம். பொரிந்து உதிரும் சுவராயின் பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்த பிறகே பூச வேண்டும். இல்லையேல் அடுத்த மழையில் பட்டை பட்டையாகப் பெயர்ந்துவிடும். எவ்வாறு பூசினாலும், சுவரில் மாட்டியுள்ள படங்களை முதலில் கழற்றிப் பத்திரமாக வைக்காத இல்லத்தரசி எவரும் இலர்.

நம் இல்லங்களிலுள்ள மடிக்கணினிக்கும் இன்று இந்த நிலை வந்திருக்கிறது. விண்டோஸ் 10 என்னும் இயக்குதளத்திற்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றன. பதிவு செய்துகொள்ளும் தனியாருக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. ஆகவே விண்டோஸ் 11-க்கு மாறும் கேள்வி பல குடும்பங்களில் எழுந்துள்ளது. இருப்பதன் மேலேயே மேம்படுத்துவதா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவதா?

சாத்தூரில் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்வோம். தந்தை பட்டாசு ஆலைத் தொழிலாளி. மகள் சிவகாசி அச்சகங்களுக்குத் திருமண அழைப்பிதழ்களும் நோட்டீசுகளும் வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து தருகிறாள். கணினி மெதுவாக ஓடுகிறது என்று கடையில் கொடுத்தார்கள். "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டால் பறக்கும்" என்றார் கடைக்காரர். 'டி' பகுதியிலுள்ளவற்றுக்கு ஆபத்தில்லை என்றும் கூறினார். மறுநாள் கணினி பறக்கத்தான் செய்தது. ஆனால் மகள் பழைய அழைப்பிதழ் ஒன்றைத் திறந்தபோது, தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிந்தன. காரணம் எளிது. அவை ஒருங்குறிக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. கோப்புகள் தப்பின, எழுத்துருவோ இயக்குதளத்தோடு அழிந்துபோயிற்று. தோழி ஒருத்தியிடமிருந்து அதை வாங்கிப் போட்டதும் தமிழ் மீண்டது. மீளாதது ஒன்று உண்டு. மறைந்த பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன ஒலிப்பதிவு, திரையின் முகப்பில், அதாவது 'டெஸ்க்டாப்'பில் இருந்தது. முகப்பு 'சி' பகுதியைச் சேர்ந்தது என்பதை அவ்வீட்டில் எவரும் அறிந்திருக்கவில்லை.

இனி முடிவுக்கு வருவோம். கணினி நோயின்றி ஓடுகிறதெனில் மேம்படுத்தலே போதும். கோப்புகளும் மென்பொருள்களும் எழுத்துருக்களும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பிடிக்காவிடில் 10 நாள்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியுண்டு. நச்சுநிரல் புகுந்துவிட்டது, காரணமின்றி அடிக்கடி நின்றுபோகிறது, அல்லது பிறரிடமிருந்து வாங்கிய பழைய கணினி என்றால் சுரண்டிப் பூசுவதே நலம். நோயுள்ள சுவரின்மேல் பூசினால் நோயும் உள்ளேயே தங்கிவிடும். இடைவழியும் ஒன்று உண்டு. கணினியின் அமைப்புகளில் உள்ள 'ரீசெட்' என்பதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் முறையைத் தேர்ந்தால் நம் கோப்புகள் நிற்கும். ஆனால் நாம் சேர்த்த மென்பொருள்கள் நீங்கும்.

எவ்வழியைத் தேர்ந்தாலும் படங்களைக் கழற்றும் வேலை முதலாவது. முகப்பு, ஆவணங்கள், படங்கள், தரவிறக்கங்கள் ஆகிய நான்கையும் திறந்து பார்த்து, வெளி வன்தட்டிலோ பென் டிரைவிலோ படியெடுங்கள். படி எடுத்ததோடு நில்லாமல், அதை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள். எழுத்துருக் கோப்புகளையும் மறவாதீர்கள். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவில் உள்ள முக்கிய ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றி வைப்பது என்றைக்கும் பாதுகாப்பு. 'பிட்லாக்கர்' பூட்டு இருப்பின் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மென்பொருள்களின் உரிமக் குறியீடுகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கணினி தகுதியுடையதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. நினைவகமும், 64 ஜி.பி. சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏற்கப்பட்ட செயலியும் வேண்டும். இதைச் சோதித்துச் சொல்ல 'பி.சி. ஹெல்த் செக்' என்னும் இலவசச் செயலியை அந்நிறுவனமே தருகிறது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அன்று பிள்ளைகள் பெற்ற கணினிகள் இந்த அளவை எட்டா. அதனால் அவற்றைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. அவற்றில் விண்டோசோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் நம் நாட்டு இயக்குதளமும் சேர்த்தே தரப்பட்டது நினைவிருக்கலாம். எளிய லினக்ஸ் வகை ஒன்றைப் புதிதாக நிறுவினால், பிள்ளைகளின் எழுத்து வேலைக்கும் வாசிப்புக்கும் அவை இன்னும் உதவக்கூடும்.

புதிய இயக்குதளம் வரும், போகும். கடையில் விலைக்குக் கிடைப்பதை மீண்டும் வாங்கிவிடலாம். பாட்டியின் குரல் எந்தக் கடையிலும் கிடையாது. ஆகவே கடைக்காரரிடம் கணினியைக் கொடுக்குமுன், ஓர் அரைநாளை ஒதுக்கிக் குடும்பமாக அதன்முன் அமருங்கள். எதைக் காக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும். அதைக் காத்த பின், மேலே பூசினாலும் சரி, சுரண்டிப் பூசினாலும் சரி, அச்சமில்லை.