ஒரு தூசி... 5 கோடி டாலர்! காஸ்ட்லி லேப்டாப் வாங்கப்போறீங்களா? இந்தக் கதையைப் படிச்சுட்டுப் போங்க!

ஒரு லட்சம் ரூபாய்க்கு லேப்டாப். 12 மாச இஎம்ஐ. பெட்டியைப் பிரிக்கும்போது ஒரு வீடியோ, அன்னைக்கு ராத்திரியே ஸ்டேட்டஸில் ஒரு போட்டோ. கடைசித் தவணையும் கட்டியாச்சு, 'அப்பாடா' என்று மூச்சு விடுகிறீர்கள். சரியாக 14-வது மாதம், கீபோர்டில் ஒரு எழுத்து மட்டும் அழுந்த மாட்டேன் என்கிறது. இல்லையென்றால், ஒருமுறை தட்டினால் இரண்டுமுறை விழுகிறது.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். "தூசி போயிருக்கும் சார். சாப்பிட்டுக்கிட்டே யூஸ் பண்ணீங்களா? வாரன்ட்டி வேற முடிஞ்சு 2 மாசம் ஆச்சே" என்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம், 'அன்னைக்கு மிக்சர் சாப்பிட்டோமே, அதுவா இருக்குமோ?' என்று உங்களையே நீங்கள் திட்டிக்கொண்டு வருவீர்கள்.

ஒரு நிமிஷம் நில்லுங்க. தப்பு உங்க மேலதான்னு அவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணிடாதீங்க! உலகம் முழுக்க மேக்புக் வாங்கிய பலரும் ஒரு காலத்தில் இப்படித்தான் தங்களை நொந்துகொண்டார்கள். கடைசியில் தப்பு அவர்கள் சாப்பிட்ட பிஸ்கட்டில் மட்டும் இல்லை என்று தெரிய, பல வருடங்கள் ஆனது.

பட்டாம்பூச்சி பறந்த கதை

2015 மார்ச்சில் ஆப்பிள் நிறுவனம் 12 இன்ச் மேக்புக்கை அறிமுகப்படுத்தியது. தடிமன் வெறும் 13.1 மில்லிமீட்டர். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அமெரிக்காவில் ஆரம்ப விலை 1,299 டாலர். இவ்வளவு ஒல்லியான உடம்புக்குள் வழக்கமான கீபோர்டை வைக்க முடியாது. அதற்காகவே ஆப்பிள் ஒரு புது டிசைனைக் கொண்டுவந்தது. பெயர், 'பட்டர்ஃப்ளை கீபோர்டு'.

சாதாரண லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கு அடியிலும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பின்னிய இரண்டு சின்ன பிளாஸ்டிக் கைகள் இருக்கும். பட்டர்ஃப்ளையில், பட்டாம்பூச்சியின் சிறகு மாதிரி நடுவில் மடங்கும் அமைப்பு. பழையதைவிட 40 சதவிகிதம் மெல்லியது என்றது ஆப்பிள். கீ லேசாக அழுந்தினாலே போதும், எழுத்து விழுந்துவிடும். 2016-ல் மேக்புக் ப்ரோவுக்கும், 2018-ல் மேக்புக் ஏருக்கும் இந்த டிசைனே வந்தது.

பார்க்க செம அழகு. சிலருக்கு அதில் டைப் செய்வதும் ரொம்பப் பிடித்திருந்தது. எந்தப் பிரச்னையும் இல்லாமல் வருடக்கணக்கில் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆனால், கீக்கு அடியில் இருந்த இடம் அவ்வளவு குறைவு என்பதால், கண்ணுக்கே தெரியாத துணுக்கு ஒன்று உள்ளே போனாலும் கீ மாட்டிக்கொண்டது. பழைய கீபோர்டில் துணுக்கு பாட்டுக்கு ஒரு ஓரமாகக் கிடக்கும். இதில் ஒதுங்கி நிற்க அதற்கு இடமே இல்லை.

அதற்கு ஆப்பிள் சொன்ன வழி என்ன தெரியுமா? லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக்கொண்டு, காற்று அடிக்கும் கேனால் கீபோர்டை வரிசையாக ஊதவேண்டும். பிறகு ஒரு பக்கமாகத் திருப்பி ஊதவேண்டும். அப்புறம் இன்னொரு பக்கம். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர்கள், லேப்டாப்பைக் குழந்தை மாதிரி சாய்த்து ஏந்திக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கீ போனா, பாதி லேப்டாப் போச்சு!

'சரி, ஒரு கீதானே... மாத்திட்டா போச்சு' என்று நமக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்த லேப்டாப்களில் கீபோர்டு தனியாகக் கழற்றுகிற மாதிரி இல்லை. மேல்பக்க அலுமினிய மூடியோடு சேர்த்து அறையப்பட்டிருந்தது. அதே மூடியில் பேட்டரியும் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு எழுத்து கோளாறு என்றால் மூடி, கீபோர்டு, பேட்டரி என மொத்தமாக மாற்றவேண்டிய நிலை. வாரன்ட்டி முடிந்தவர்களுக்கு அமெரிக்காவில் இதற்கு ஆன செலவு சுமார் 700 டாலர். கேட்ஜெட்களைப் பிரித்துப் பார்த்து, பழுதுபார்ப்பது எவ்வளவு சுலபம் என்று மார்க் போடும் 'ஐஃபிக்ஸிட்' தளம் 2015-ன் 12 இன்ச் மேக்புக்குக்குக் கொடுத்தது 10-க்கு 1.

இது ஆப்பிள் கதை மட்டும் இல்லை. இன்று 'ப்ரீமியம்' என்று விற்கப்படும் ஒல்லி லேப்டாப்களில் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஒல்லியாக்க ஒல்லியாக்க, தனித்தனியாக மாற்றக்கூடிய பாகங்கள் குறைந்துகொண்டே போகின்றன. அதாவது, நாம் அழகுக்குக் கொடுக்கும் விலையின் இன்னொரு பாதி, ரிப்பேர் பில்லில்தான் தெரியவரும்.

ரிவ்யூவில் ஏன் தெரியவில்லை?

நியாயமான கேள்வி. ரிவ்யூ செய்பவருக்கு லேப்டாப் கையில் இருப்பது பெரும்பாலும் சில நாள்கள், மிஞ்சிப்போனால் சில வாரங்கள். வந்ததோ புத்தம் புதுசு. ஸ்கிரீன் எப்படி, வேகம் எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அவரால் சொல்ல முடியும். எட்டாவது மாதம் கீபோர்டு என்ன ஆகும் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அது தெரிந்தவர்கள், அதைத் தினமும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் மட்டும்தான்.

அப்படி அலைந்தவர்களில் ஒருவர் பத்திரிகையாளர் கேசி ஜான்ஸ்டன். தன் மேக்புக் ப்ரோவைத் திரும்பத் திரும்ப சர்வீஸுக்கு எடுத்துப்போன அனுபவத்தை 2017 அக்டோபரில் கட்டுரையாக எழுதினார். 'அட, எனக்கும் இதேதான்' என்று ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். அதுவரை ஒவ்வொருவரும் 'என் லேப்டாப்தான் இப்படி' என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இப்படி என்று தெரிந்த பிறகுதான், கேள்வி தூசியிலிருந்து டிசைனுக்கு மாறியது.

2018 மே மாதம் கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் சேர்ந்து வழக்கு போட்டார்கள். அடுத்த மாதமே, ஜூனில், ஆப்பிள் இலவச சர்வீஸ் திட்டத்தை அறிவித்தது. லேப்டாப் வாங்கிய நாளிலிருந்து 4 வருடங்கள் வரை கீபோர்டு கோளாறு இலவசமாகச் சரிசெய்யப்படும். ஏற்கெனவே பணம் கட்டிச் சரிசெய்தவர்கள் திருப்பிக் கேட்கலாம். இது உலகம் முழுவதற்குமான திட்டம் என்பதால், இந்தியாவில் இந்த மாடல்களை வைத்திருந்தவர்களுக்கும் பொருந்தியது. அப்போதும், பாதிக்கப்பட்டது 'சிறிய சதவிகிதம்' பேர்தான் என்றே ஆப்பிள் சொன்னது.

கீக்கு அடியில் சிலிகான் படலம் வைத்துப் பார்த்தார்கள். மெட்டீரியலை மாற்றிப் பார்த்தார்கள். 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் ஜோனா ஸ்டெர்ன், தன் கீபோர்டில் மக்கர் செய்த எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு ஒரு கட்டுரையே எழுதினார். ஆங்கிலத்தின் 'இ', 'ஆர்' இல்லாமல் படித்துப் பார்த்தால்தானே கஷ்டம் தெரியும்! ஆப்பிள் வருத்தம் தெரிவித்தது. அந்த நவம்பரில் வந்த 16 இன்ச் மேக்புக் ப்ரோவில் பழைய கத்தரிக்கோல் டிசைன் திரும்ப வந்தது. 2020 மே மாதத்தோடு பட்டாம்பூச்சி மொத்தமாக விடைபெற்றது.

5 கோடி டாலர்... யாருக்கு எவ்வளவு?

வழக்கு 2022 ஜூலையில் சமரசத்துக்கு வந்தது. ஆப்பிள் தரப்பு 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது, தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலேயே! கலிஃபோர்னியா, நியூயார்க், ஃபுளோரிடா, இல்லினாய், மிச்சிகன், நியூ ஜெர்ஸி, வாஷிங்டன் என 7 அமெரிக்க மாகாணங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான் இந்தப் பணம். மேல்மூடியை இரண்டு முறையோ அதற்கு மேலோ மாற்றியவர்களுக்கு அதிகபட்சம் 395 டாலர். ஒருமுறை மாற்றியவர்களுக்கு 125 டாலர் வரை. கீயின் மூடியை மட்டும் மாற்றியவர்களுக்கு 50 டாலர் வரை. பணம் கைக்குப் போய்ச் சேர்ந்தது 2024 ஆகஸ்ட்டில்!

கணக்குப் போட்டுப் பாருங்க. 2016-ல் வாங்கியவருக்கு 8 வருடம் கழித்துப் பணம். அதுவும் ஒரு ரிப்பேர் செலவுக்குக்கூடக் காணாது. பெரிய வெற்றி என்று இதைக் கொண்டாட முடியாதுதான். ஆனால், அந்த 4 வருட இலவச சர்வீஸும், டிசைனே மாறியதும் யாரால் என்று கேட்டால், தூசியை ஊதிவிட்டுப் பேசாமல் போகாதவர்களால்தான். இன்னொன்றையும் கவனிங்க. இழப்பீடு கிடைத்ததும் ரசீது, சர்வீஸ் பதிவு என ஏதோ ஒரு தடயம் வைத்திருந்தவர்களுக்குத்தான் சுலபமாக இருந்தது.

நம்ம ஊர்ல என்ன பண்ணலாம்?

நம் கையிலும் சட்டம் இருக்கிறது, நாம்தான் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தயாரிப்பில் நடந்த தவறுக்கு மட்டுமல்ல, டிசைனில் உள்ள குறைக்கும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியும். ஒரே பிரச்னையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் வழி உண்டு. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் தனியாக ஓர் இணையதளமும் தொடங்கியிருக்கிறது. அதனால்...

* வாங்கும் முன்: 'ஸ்கிரீன் போனா எவ்வளவு, கீபோர்டு போனா எவ்வளவு, பேட்டரி மாத்த எவ்வளவு?' என்று இந்த 3 விலைகளையும் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். லேப்டாப் விலையோடு இவற்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்கள்.

* யாரிடம் கேட்பது: வந்து ஒரு வாரமே ஆன மாடலின் ரிவ்யூவோடு நிறுத்தாமல், ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்திய நண்பரிடம் பேசுங்கள். அதுவரை காத்திருக்கப் பொறுமை இருந்தால், விலையும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

* கோளாறு வந்தால்: வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். வாரன்ட்டிக்குள் ஒருமுறை கீ மாட்டிக்கொண்டாலும் வீடியோ எடுத்து, சர்வீஸ் சென்டரில் எழுத்தில் பதிவு செய்து, ஜாப் ஷீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 'இப்ப சரியாயிடுச்சு சார்' என்று திருப்பி அனுப்பினாலும் அந்தக் காகிதம் முக்கியம். அதே கோளாறு வாரன்ட்டி முடிந்து வந்தால், 'இது பழைய பிரச்னை' என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

* பதில் வரவில்லையா: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீரவில்லை என்றால், மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். பிரச்னை எழுந்ததிலிருந்து 2 வருடங்களுக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.

* ஃப்ரீலான்ஸர்களே: வியாபாரத்துக்காக வாங்கிய பொருள் என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். ஆனால், சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியிருந்தால் நீங்களும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது.

காஸ்ட்லி லேப்டாப்பே வாங்காதீங்க என்பதல்ல இந்தக் கதை. 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏரை இன்னமும் குறை சொல்லாமல் பயன்படுத்துகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதில் இருப்பது மெல்லிசான பட்டாம்பூச்சி இல்லை, அந்தப் பழைய கத்தரிக்கோல் கீபோர்டுதான்! அது திரும்பி வந்ததற்கு, முன்னால் வாங்கிக் கஷ்டப்பட்டவர்கள் விடாமல் பேசியதும் ஒரு காரணம்.

அதனால் அடுத்தமுறை யாராவது 'தூசி சார்' என்றால், மிக்சரை நினைத்து வருத்தப்படுவதற்கு முன் 'அதை எழுதிக் கொடுங்க' என்று கேளுங்கள். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க லேப்டாப் பில் எங்க இருக்குன்னு இப்பவே ஒருதடவை பார்த்து, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க!