தூசி தெரியாத நிறம்



சில வாரங்களுக்கு முன் ஒருநாள், அஸர் தொழுகைக்குப் பின்னர், என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் தம் தாயாருடன் என் இல்லம் வந்திருந்தார். வளைகுடா நாட்டில் ஒன்பது ஆண்டுகள் உழைத்துச் சேமித்த பணத்தில் கார் ஒன்று வாங்கப் போவதாகக் கூறினார். கார் வாங்குவதில் தாய்க்கும் மகனுக்கும் வேறுபாடு இல்லை. அதன் நிறத்தில்தான் வழக்கு.

“நம் ஊர்ப் புழுதிக்கு வெள்ளை நிறம் ஒருநாள் தாங்காது, ஹஜ்ரத். சாம்பல் நிறமென்றால் தூசி தெரியாது” என்றார் மகன்.

தாயார் சற்று நேரம் பேசாமலிருந்தார். பின்னர் தம் இளைய சகோதரரைப் பற்றிச் சொன்னார். பல்லாண்டுகளுக்கு முன், மழைக்காலத்து மாலையொன்றில், மஃரிபுக்குப் பள்ளிவாசல் செல்லச் சாலையைக் கடந்திருக்கிறார் அவர். விளக்குப் போடாமல் வந்த சாம்பல் நிற வேன் அவர் கண்ணில் படவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியிலேயே வஃபாத்தாகிவிட்டார். “அந்த நிறத்தில் ஒரு வண்டி நம் வாசலில் நிற்க வேண்டாம், ஹஜ்ரத்” என்றார் அந்த அம்மையார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அறியாத ஒன்றில் தீர்ப்புச் சொல்வது முறையன்று. எனவே இரண்டு நாள் அவகாசம் கேட்டு, அறிந்தோர் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். கார் உள்ள வீட்டாருக்கும் இல்லாத வீட்டாருக்கும் அவை பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பொருள் தன் பின்னணியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறதோ, அவ்வளவு விரைவாக அது நம் கண்ணில் படுகிறது. கரும்பலகையில் சாக்குக்கட்டியால் எழுதினால் கடைசி வரிசை மாணவனும் படித்துவிடுவான். கரித்துண்டால் எழுதினால் முதல் வரிசையில் இருப்பவனும் திணறுவான். தார்ச்சாலை சாம்பல் நிறம். மழைமேகமும் சாம்பல் நிறம். அந்திப்பொழுதோ அனைத்தையும் சாம்பலாக்கி விடுகிறது. அவற்றினூடே வரும் சாம்பல் நிறக் கார், கரும்பலகையில் கரித்துண்டால் எழுதிய எழுத்தைப் போன்றது. தூசியைத் தெரியாமல் மறைக்கும் நிறம், காரையும் தெரியாமல் மறைத்துவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தார், அந்நாட்டின் இரு மாநிலங்களில் 1987 முதல் 2004 வரை நிகழ்ந்த விபத்துகளை ஆராய்ந்து, 2007ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பகல் வெளிச்சத்தில், வெள்ளைக் கார்களைவிடக் கறுப்புக் கார்களுக்கு விபத்து அபாயம் 12 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சாம்பல் நிறத்திற்கு 11, வெள்ளி நிறத்திற்கு 10, சிவப்புக்கும் நீலத்திற்கும் 7 விழுக்காடு கூடுதல் எனக் கண்டனர்.

“கறுப்புக் கார் வாங்குபவர் வேகமாக ஓட்டுபவராக இருக்கலாமே, குற்றம் நிறத்தினுடையதா, மனிதருடையதா?” என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சிங்கப்பூரிலிருந்து கிடைக்கிறது. அங்கே டாக்சி நிறுவனங்கள் இரண்டு இணைந்தன. அதனால் ஒரே நிறுவனத்தில் மஞ்சள் டாக்சிகளும் நீல டாக்சிகளும் ஓடின. வண்டிகள் ஒரே வகை, பராமரிப்பும் ஒன்றே, ஓட்டுநர்களின் வேகத்திலும் வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் ஆயிரம் டாக்சிகளுக்கு மாதந்தோறும் நீலத்தில் 71.7 விபத்துகளும், மஞ்சளில் 65.6 விபத்துகளும் நிகழ்ந்ததாக 2017இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஓட்டுநர் மாறாமல் நிறம் மட்டும் மாறினாலும் விபத்து குறைகிறது என்பதை இதனால் அறிகிறோம்.

எனினும் நிறத்தையே முழுமையாக நம்பிவிடலாகாது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் நடந்த ஆய்வொன்று 2003இல் வெளியானது. அங்கே வெள்ளி நிறக் கார்களில் சென்றோர் படுகாயமுறும் வாய்ப்பு, வெள்ளைக் கார்களில் சென்றோரைவிட ஏறத்தாழப் பாதியாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் கண்டதற்கு இது நேர்மாறு. ஆகவே நிறம் ஓரளவு துணை செய்யும், அதுவே காவலாகிவிடாது.

அப்படியாயின் பெருந்துணை எது? விளக்குதான். சுவீடன் நாட்டில் 1977 முதலே பகலிலும் விளக்கெரிய வண்டியோட்ட வேண்டுமெனச் சட்டம் உள்ளது. நம் நாட்டிலும் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கும் எரிகிறது. “பட்டப்பகலில் விளக்கு எதற்கு?” என்று சிலர் கேலி செய்வதுண்டு. அவ்விளக்கு நமக்கு வழி காட்டுவதற்கன்று, பிறருக்கு நம்மைக் காட்டுவதற்கு. இதை உணராமல், “எனக்குத்தான் சாலை தெரிகிறதே” என்று அந்தியில் விளக்கின்றி ஓட்டுவோர் இன்றும் பலர்.

கார் இல்லாத வீட்டாருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. சுபுஹுக்கு இருட்டில் நடந்து செல்லும் முதியவர்களும், கறுப்பு அங்கி அணிந்து மாலையில் சாலையோரம் வரும் நம் பெண்மக்களும் ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. கையில் சிறு டார்ச் விளக்கு இருக்கட்டும். பையிலோ செருப்பின் குதிப்பகுதியிலோ ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்ளலாம். நடைபாதை இல்லாத சாலையில், எதிரே வரும் வண்டிகள் தெரியுமாறு வலப்புறமாக நடப்பது நலம்.

இரண்டு நாட்களில் தாயும் மகனும் மீண்டும் வந்தனர். இவற்றையெல்லாம் கூறிவிட்டு மகனிடம், “தம்பி, வெள்ளைக் காரில் தூசி படிந்தால் ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம்” என்றேன். அவர் தம் தாயாரைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

தாயாரோ, “வெள்ளையே வாங்கினாலும் மஃரிபுக்கு முன்பே விளக்கைப் போட்டுவிட வேண்டும் என்று இவனிடம் சொல்லுங்கள், ஹஜ்ரத்” என்றார். நான் சொல்ல நினைத்திருந்ததும் அதுவே. நிறத்தைத் தேர்வது ஒருநாள் வேலை. விளக்கைப் போடுவது அன்றாடக் கடமை.