மலைப் பயிர்க் கணக்கும் மாணவர் உதவியும்

கிராமக் கணக்குகளுள் இரண்டாம் எண்ணாகிய அடங்கலின் முக்கியத்துவத்தை மிராசுதாரர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பயிர்க்கடனோ, பயிர்க் காப்பீடோ, மழையாலும் வறட்சியாலும் நேர்ந்த சேதத்துக்கு நிவாரணமோ, எதைக் கோரினும், இன்ன புலத்தில் இன்ன பயிர் நின்றது என்று அடங்கல் கூறுவதே சாட்சியாகும். 1980ஆம் ஆண்டு வரை கர்ணங்கள் எழுதி வந்த இக்கணக்கு, அதன்பின் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்புக்கு வந்தது. இப்பொழுது அது காகிதத்தை விட்டுக் கைப்பேசிக்கு மாறி வருகின்றது. புலத்தில் நின்று பயிரைப் படம் பிடித்து, நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோளின் துணையால் உறுதி செய்து, பயிரின் பெயரையும் பரப்பையும் பதிவதே மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு. 2024 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய மந்திரிசபை அங்கீகரித்த 2,817 கோடி ரூபாய் மின்னணு வேளாண்மைத் திட்டத்தில் இதுவும் ஓர் அங்கமாகும்.

அவ்வாண்டு நவம்பரில் இவ்வேலை தமிழ்நாட்டில் நடந்தபொழுது, கிராம நிர்வாக அலுவலர்கள் வேலைப்பளுவைக் காட்டி ஆட்சேபித்தனர். வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் வயல்களுக்கு அனுப்பப்பட்டனர். மழைக்காலத்தில் பாம்பும் விஷஜந்துக்களும் உலவும் வரப்புகளில் பிள்ளைகளை அலைய விடுவதா என்று பலரும் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆயினும் அதிலிருந்து, மாணவரை இவ்வேலையில் சேர்க்கவே கூடாது என்று முடிவு கட்டுவது பிசகு. சேர்த்தது தவறன்று, எவ்வேலைக்குச் சேர்ப்பது என்று பகுத்துப் பாராததே தவறு.

இதில் வேலை இருவகைப்படும். புலம் புலமாக நடந்து பதிவது ஒன்று. பதியும் கருவியை, அதாவது கணினி நிரலை, நிலத்தின் நிலைமைக்குப் பொருந்தத் திருத்தியமைப்பது மற்றொன்று. முன்னதை அவ்வவ்வூர் இளைஞருக்குத் தக்க கூலி கொடுத்துச் செய்விக்கலாம். புலமும் வழியும் அவர்களுக்குத் தெரியும். மாணவரின் கல்வி பயன்படுவது பின்னதிலேயாம்.

இதன் உண்மை ஜவ்வாது மலையில் நன்கு விளங்கும். மலை ஒன்றேயாயினும் கணக்கு திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்னும் 3 ஜில்லாக்களில் பிரிந்து கிடக்கின்றது. ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஊர்களிலும், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு முதலிய இடங்களிலும் சாமையும் கேழ்வரகும் கொள்ளும் மானாவாரியாய் விளைகின்றன. கலப்புப் பயிர் செய்யும் கொல்லையில், புலத்துக்கு ஒரே பயிர் என்று வகுத்த நிரல் ஒன்றை எழுதி மற்றொன்றை மறைத்துவிடும். வரப்பிலுள்ள புளியும் பலாவும் ஆண்டு வருமானத்தில் பெரும் பங்கு கொடுப்பினும், பயிர்ப் பட்டியலில் இடமின்றேல் கணக்கில் ஏறா. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி அனுபோக உரிமை பெற்ற நிலத்துக்கு உட்பிரிவு எண்ணும் புலப்படமும் இல்லாவிடில், அங்கே நிற்பவனை நிரல் வெளியாள் என்றே தள்ளும். சமிக்ஞை எட்டாத பள்ளங்களில், பதிந்ததைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும் வசதி வேண்டும். சமவெளி நஞ்சையை மனத்திற்கொண்டு எழுதிய நிரலை அப்படியே மலைமேல் ஏற்றினால், சாமை விதைத்தவன் தரிசு போட்டவனாகக் கணக்கில் நிற்பான். நிவாரணம் வரும் காலத்தில் வெறுங்கையோடு திரும்புவான்.

ஆகையால் இம்மலைக்கென ஒரு சிறு மாணவர் குழுவை அமைப்பது நலம். அறுவர் போதும், அறுபதின்மர் வேண்டா. மூவர் கணினி கற்போர். மூவர் வேளாண்மை கற்போர். முன்னவரை வேலூர் தந்தை பெரியார் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்தும், பின்னவரை வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலிருந்தும் அழைக்கலாம். வேளாண்மை மாணவர் கிராமத்தில் தங்கிப் பயிலும் ஊரக அனுபவத் திட்டம் முன்னமே நடைமுறையில் உள்ளது. கல்லூரி சேர்ந்த மலைப் பிள்ளைகள் விண்ணப்பிப்பின் அவர்களுக்கே முதலிடம் தருதல் வேண்டும். ஊர்ப் பேச்சில் பயிருக்குள்ள பெயரை வேறெவரும் அவ்வளவு எளிதில் அறியார்.

தெரிந்தெடுக்கும் முறைக்கு வெளியுலகில் நல்ல உதாரணம் உண்டு. கூகிள் கம்பெனியார் 2005ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் கோடைக்கால நிரல் திட்டத்தில், விண்ணப்பிப்போர் தாம் செய்யக் கருதிய வேலையை முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். சேர்ந்தவருக்கு வழிகாட்டி உண்டு. வேலைக்கு எல்லை உண்டு. செய்ததைச் சோதித்துத் தேறியவருக்கே உதவித்தொகை. எழுதிய நிரல் எவரும் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றது. இங்கும் மதிப்பெண்ணை மாத்திரம் பாராமல், ஒரு சிறு வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்த்துச் சேர்த்தல் தகும். சேர்ந்தபின் ஒருவருக்கு ஒரு வேலையே கொடுத்தல் வேண்டும்: ஒருவர் கலப்புப் பயிரைப் பதியும் வழியையும், மற்றொருவர் சமிக்ஞையின்றிச் சேமிக்கும் வழியையும் கவனிக்கட்டும். விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு போகத்தை அவர்கள் நேரில் காண்பது அவசியம். தங்குமிடமும், காலணியும், வழிச்செலவும், உதவித்தொகையும் கொடாமல் அழைப்பது முறையன்று.

எல்லாவற்றினும் பெரிய ஆபத்து வேறொன்று உண்டு. மாணவர் வருவர், எழுதுவர், பரீட்சைக்குப் போய்விடுவர். மறு ஆண்டு நிரல் பழுதானால் திருத்துவார் இரார். கேணி தோண்டியவன் கயிற்றையும் கொண்டுபோனாற்போல் ஆகும். காவலூர் வானாய்வகத்தில் 1986ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைணு பாப்பு தொலைநோக்கி இன்றும் பயன்படுவதற்குக் காரணம் யாது? ஆராய வருவோர் பலராயினும், கருவியைப் பராமரிப்போர் அங்கே நிலையாய் இருத்தலேயாம். அதுபோல், இந்நிரலுக்கும் இலாகாவில் நிலையான உத்தியோகஸ்தர் ஒருவர் பொறுப்பாளராதல் வேண்டும். செய்த திருத்தம் ஒவ்வொன்றுக்கும் தமிழில் விளக்கம் எழுதி, அவர் தாமே இயக்கிக் காட்டிய பின்னரே மாணவருக்குச் சான்றிதழ் அளிக்க வேண்டும். அத்தகைய பொறுப்பாளர் கிடையாரெனில் மாணவரை அழைக்காதிருப்பதே மேல்.

அனுபவமற்ற பிள்ளைகளிடம் குடியானவர் விவரங்களைக் கொடுப்பதா என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை நீக்கிய நகலைக் கொண்டே நிரலைச் சோதிக்கலாம். உண்மைக் கணக்கு அவர்கள் கைக்குப் போக வேண்டுவதில்லை.

மலையிலுள்ள நிலச்சுவான்தார்கள் இம்மாணவரைக் கொல்லைக்கு அழைத்துச் சென்று, எதனோடு எதை விதைக்கின்றனர், ஏன் விதைக்கின்றனர் என்பதைச் சொல்லிக் கொடுக்கலாம். கிராம நிர்வாக அலுவலர்கள், அடங்கல் எழுதுகையில் எவ்விடத்தில் தடை நேர்கின்றது என்பதை மறையாது கூறலாம். கருவியைப் பழித்து ஒதுங்குவதினும், அது பிழைபடும் இடத்தைச் சுட்டித் திருத்திக் கொள்வதே இரு சாராருக்கும் அனுகூலம். விதைத்த சாமை சாமையென்றே கணக்கில் ஏறுமாயின், மாணவர் பட்ட பாடும் சர்க்கார் செலவிட்ட பொருளும் வீண்போகா.