கொடிகள் கலந்து நின்ற காலம்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நூறாண்டு இடைவெளியில் இரண்டு பெரும் கலவரங்கள் நடந்தன. ஒன்று 1867 ஆகஸ்டில், மற்றொன்று 1967 நவம்பரில். முதலாவதைச் சீனக் குண்டர் கும்பல்களின் சண்டை என்றும் இரண்டாவதைச் சீனர்-மலாய்க்காரர் சண்டை என்றும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இரண்டு பெயர்களும் உண்மையை மறைக்கின்றன என்பதே என் வாதம். இரண்டிலும் காரணம் பணத்திலும் ஆட்சியின் போக்கிலும் இருந்தது. ஆனால் முதல் கலவரத்தில் இனம் பார்த்து அணி பிரியவில்லை. இரண்டாவது, இனச்சண்டையாகவே முடிந்தது. இடைப்பட்ட நூறாண்டில் நடந்ததைப் புரிந்துகொள்ளாமல் இன்றைய மலேசிய அரசியலைப் புரிந்துகொள்ள முடியாது.

1867-இல் மோதியவர்கள் யார்? ஒரு பக்கம் கீ ஹின் சங்கம். அதில் பெரும்பாலோர் கண்டோனியர்கள். அவர்களுக்குத் துணை நின்றது வெள்ளைக்கொடி. மறுபக்கம் கியான் தெக் என்ற துவா பெக் கோங் சங்கம், ஹொக்கியன் வணிகர்களின் கோட்டை. அவர்களுக்குத் துணை சிவப்புக்கொடி. கொடிச் சங்கங்கள் இரண்டும் முஸ்லிம்களுடையவை. மலாய்க்காரர்கள், சூலியா தெருவின் தமிழ் முஸ்லிம்கள், தமிழ்த் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்த ஜாவி பெக்கான்கள், அரபு வழியினர் என எல்லோரும் இரண்டு கொடிகளின் கீழும் இருந்தார்கள். முஹர்ரம் ஊர்வலத்துக்காகத் தெருவாரியாகத் திரண்ட குழுக்களே காலப்போக்கில் இப்படிச் சங்கங்களாயின. ஆக, ஒரு தமிழ் முஸ்லிம் ஒரு சீனரோடு தோள் சேர்ந்து, இன்னொரு தமிழ் முஸ்லிமையும் இன்னொரு சீனரையும் எதிர்த்து நின்றார். ஆர்மேனியன் தெரு, ஆச்சே தெரு, சர்ச் தெரு, பீச் தெரு எங்கும் சுமார் பத்து நாள் தடுப்புகள் எழுந்தன, பீரங்கியும் வெடித்தது, வீடுகள் எரிந்தன. கேனன் தெருவின் பெயரே அப்போது துளைத்த குண்டால் வந்தது என்பார்கள்.

ஒரு ரம்புத்தான் தோல் எறியப்பட்டதில் தகராறு மூண்டதாக ஒரு கதை உண்டு. இருக்கலாம். ஆனால் தோல் எறிந்ததற்காக யாரும் பீரங்கி வாங்கி வைப்பதில்லை. பகையின் வேர் குத்தகையில் இருந்தது. அபின், சாராயம் விற்கும் உரிமையைப் பிரிட்டிஷ் அரசு ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவர் பேசிய தொகையை அரசுக்குக் கட்டிவிட்டால் குத்தகைக் காலம் முடியும்வரை அந்தச் சரக்கு அவருடையது. கள்ளச் சரக்கு உள்ளே வராமல் தடுப்பது அவர் பாடு. அதற்கு ஆள்பலம் வேண்டும். ஆள்பலம் சங்கத்திடம் இருந்தது. கப்பலில் வந்திறங்கும் கூலிக்கு வேலை, தங்குமிடம், செத்தால் அடக்கம், எல்லாம் தந்ததும் சங்கம்தான். அவரைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் அனுப்பியதும், அவருடைய கூலியை அபினாலும் சூதாலும் திரும்பப் பறித்ததும் பெரும்பாலும் அதே முதலாளிகள்தாம். அரசின் வருவாயில் கணிசமான பங்கு அபின் குத்தகையிலிருந்து வந்தது. சங்கங்களைக் கண்டு அஞ்சிய அதே அரசு, அவை இல்லாமல் தன் செலவுக்குப் பணம் திரட்ட முடியாத நிலையில் இருந்தது.

கடலுக்கு அப்பால் பேராக்கின் லாருட்டில் ஈயம் கிடைத்தது. 1848 வாக்கில் லோங் ஜாபார் அதைத் தோண்டத் தொடங்கியபின் பினாங்கு முதலாளிகளின் பணமும் ஆட்களும் அங்கே பாய்ந்தன. ஹாய் சான் என்ற இன்னொரு சீனச் சங்கமும் கீ ஹின் சங்கமும் 1861 முதல் அங்கே வெட்டிக்கொண்டன. லாருட்டில் தோற்றவர் பினாங்குக்கு ஓடிவந்தார். அவரோடு பகையும் கரையேறியது. 1867 ஏப்ரல் 1 அன்றுதான் பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் இந்திய அரசின் பிடியிலிருந்து நேரடியாக லண்டனின் கீழ் வந்திருந்தன. புதிய நிர்வாகம் காலூன்றவில்லை. போதாக்குறைக்கு, காவற்படையில் ஒரு பகுதி நிக்கோபார் தீவுகளுக்கு அனுப்பப்பட்டிருந்தது. பொறி விழ இதைவிடத் தோதான நேரம் வேண்டியதில்லை.

விசாரணை ஆணையம் கூடியது. துவா பெக் கோங்கின் தலைவர் கூ தியன் தெக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஏழாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. நான்கு சங்கங்களும் தலா 5,000 டாலர் அபராதம் கட்டின. அந்தப் பணத்தில் காவல் நிலையங்கள் எழுந்தன. 1869-இல் ஆபத்தான சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்தது. குத்தகை முறையை மட்டும் யாரும் தொடவில்லை. 1910-இல் அரசே அபின் வணிகத்தை ஏற்று நடத்தும்வரை அது நீடித்தது. தண்டனை ஆட்களுக்குக் கிடைத்தது, காரணம் பிழைத்துக்கொண்டது.

அதன் விலையை லாருட் கொடுத்தது. 1872-இல் அங்கே மறுபடி போர் மூண்டது. பினாங்கு வணிகர்கள் பிரிட்டிஷ் தலையீட்டை வேண்டினார்கள். 1874 ஜனவரி 20 அன்று பாங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி பேராக்குக்கு முதல் ரெசிடென்டாக, அதாவது பிரிட்டிஷ் ஆலோசகராக, வந்த பெர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதைக் காரணம் காட்டிப் படை இறங்கியது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு 1885-இல் திறக்கப்பட்ட மலாயாவின் முதல் ரயில்பாதையைப் போட இலங்கையிலிருந்து பயனியர் படை வரவழைக்கப்பட்டது. பின்னால் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்களும் வந்தார்கள். நம்மில் பலருடைய கொள்ளுத்தாத்தாக்கள் இந்த மண்ணில் கால்வைத்ததற்கு, ஜார்ஜ் டவுன் தெருச் சண்டையும் லாருட் ஈயப் போரும் திறந்துவிட்ட வழி ஒரு காரணம். மலேசியத் தமிழர் வரலாற்றைத் தோட்டத்தில் தொடங்குகிறோம். அதற்கு முன்பே அது இந்தத் தெருக்களில் தொடங்கிவிட்டது.

இன்னொரு விளைவு சத்தமின்றி நடந்தது. கொடிகள் கலந்து நிற்பது ஆள்பவருக்கு வசதியாக இல்லை. சீனருக்கெனத் தனிப் பாதுகாவலர் அலுவலகம் 1877-இல் பிக்கரிங் என்ற அதிகாரியின் கீழ் வந்தது. 1891 கணக்கெடுப்பு மக்களை ‘மலாய்க்காரரும் தீவுக்கூட்டத்தின் பிற சுதேசிகளும்’, ‘சீனர்’, ‘தமிழரும் இந்தியாவின் பிற சுதேசிகளும்’ என்று பெரிய பெட்டிகளில் அடைத்தது. ஜாவி பெக்கான் என்ற பிரிவு, பின்வந்த கணக்கெடுப்புகளில் காணாமலே போனது. பள்ளிகள் மொழிவாரியாகப் பிரிந்தன, தொழில்கள் இனவாரியாக அமைந்தன. ஜப்பானியர் ஆட்சியும் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலத்து அவசரகாலமும் அந்தப் பிளவை ஆழமாக்கின. சுதந்திரத்துக்கு முன் தோன்றிய பெரிய கட்சிகளும் அதே பெட்டிகளின் பெயரிலேயே அமைந்தன.

கலவரத்தின் காரணத்தை ஆட்சி தவறாகப் படிப்பது 1915-இல் இலங்கையிலும் நடந்தது. கண்டியில் பௌத்த ஊர்வலம் பள்ளிவாசலைக் கடப்பது பற்றிச் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே எழுந்த தகராறு, போர்க்கால விலையேற்றத்தோடும் கடை வணிகப் போட்டியோடும் சேர்ந்து தீவின் பல பகுதிகளுக்கும் பரவியது. பிரிட்டிஷார் அதை ஆட்சிக்கு எதிரான சதி என்று எண்ணிச் சிங்களத் தலைவர்களைச் சிறையிலிட்டார்கள். அவர்களுக்காக வாதாட லண்டனுக்குக் கப்பலேறியவர் பொன்னம்பலம் ராமநாதன், ஒரு தமிழர். நோயைத் தவறாகக் கணித்த ஆட்சி அங்கேயும் மருந்தைத் தவறாகவே கொடுத்தது.

இனி 1967. அதற்கும் ஒரு முன்கதை உண்டு. 1957-இல் மாநகரமான ஜார்ஜ் டவுனுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தது. தொழிலாளர் கட்சி அதை ஆண்டது. அக்கட்சியின் முதல் மேயர் டி.எஸ். ராமநாதன், ஒரு தமிழர். 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காட்டி ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1966-இல் மன்றத்தின் அதிகாரங்களை மாநில அரசு எடுத்துக்கொண்டது. குறை சொல்ல ஊர்மக்களுக்கு இருந்த மேடை போனது. அதே மோதல் சுமத்திரா வணிகத்தையும் முறித்தது. துறைமுகத்தை நம்பியவர்கள் வேலையின்றித் திரிந்தார்கள்.

அந்த நேரத்தில் பணத்தின் மதிப்பும் குறைந்தது. 1967 ஜூனில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா புதிய வெள்ளியை (டாலரை) வெளியிட்டபோது பழையதும் புதியதும் சமம் என்றது. நவம்பர் 18 அன்று பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தது. பவுண்டோடு கட்டுண்டிருந்த பழைய நோட்டும் கூடவே விழுந்தது: பழைய ஒரு வெள்ளிக்கு 85 காசு. வங்கிக்குப் போகாமல் தகர டப்பாவிலும் தலையணைக்குள்ளும் சேமித்தவர்களுக்கே அடி. அங்காடிக்காரர், மீனவர், தோட்டத் தொழிலாளி என எல்லா இனத்து ஏழைகளும் அதில் அடங்குவர். நவம்பர் 24 அன்று தொழிலாளர் கட்சி ஹர்த்தாலுக்கு அழைத்தது. காலையில் கடையடைப்பாக இருந்தது, கண்ணீர்ப்புகையாகி, சீனர் மலாய்க்காரரைத் தாக்குவதும் மலாய்க்காரர் சீனரைத் தாக்குவதுமாக மாறியது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊரடங்கு வந்தது.

பழைய நோட்டு வைத்திருந்த எல்லோர் பையிலும் ஒரே நாளில் ஒரே விகிதத்தில் பணம் குறைந்தது. அடித்துக்கொண்டவர்களோ ஒருவரையொருவர் இனமாக மட்டுமே பார்த்தார்கள். 1867-இல் குத்தகைக்காக மோதியவர்களுக்குக் கொடி மாறி நிற்கத் தெரிந்திருந்தது. 1967-இல் 15 காசு இழந்த இருவர் சேர்ந்து நிற்க ஒரு கொடியும் மிச்சமில்லை. இடைப்பட்ட நூறாண்டு இந்நாட்டுக்குச் செய்த கேடு இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1867-ஐப் பொற்காலமாக்க நான் வரவில்லை. அந்தச் சங்கங்கள் கொள்ளையும் கொலையும் செய்தவை. ஆனாலும் மனிதர் இனத்தால்தான் அணி சேர்வார்கள் என்பது இயற்கை விதி அல்ல என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஹர்த்தால் நடந்து பதினெட்டு மாதம்கூட ஆகவில்லை. 1969 மே 10 தேர்தலில் பினாங்கு மக்கள் கெராக்கானை ஆட்சியில் அமர்த்தினார்கள். லிம் சோங் யூ, சையத் ஹுசைன் அலாதாஸ், தொழிற்சங்கவாதி வி. டேவிட் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய, எந்த ஓர் இனத்தின் பெயரையும் தாங்காத கட்சி அது. அடுத்த மூன்று நாளில் கோலாலம்பூர் இனக்கலவரத்தில் பற்றி எரிந்தது. அதிகாரபூர்வக் கணக்குப்படி 196 பேர் மாண்டனர். பினாங்கு அந்த அளவுக்கு எரியவில்லை.  ஆனால் பின்னர் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை மறுபடியும் இனத்தை அளவுகோலாக்கியது. 

1867 பற்றி இன்று நாம் இவ்வளவு பேச முடிவதற்கு ஒரு காரணம், அன்றைய ஆணையம் சாட்சியங்களை அச்சிட்டு வைத்தது. 1967 பெரும்பாலும் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. அன்று பதினைந்து வயதில் இருந்தவருக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் கேளுங்கள்: எத்தனை வெள்ளி போனது, கடையை யார் பூட்டச் சொன்னார்கள், யார் யாரை வீட்டுக்குள் அழைத்து ஒளித்து வைத்தார்கள். மலாய்க்காரப் பெரியவரிடமும் சீனப் பாட்டியிடமும் கேளுங்கள். கேட்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.