ஒன்றரைக் கோடி நிறம் இருக்கு, முகம்தான் தெரியேல்ல

போன தவணை நாங்கள் போட்ட நாடகத்தின் கடைசிக் காட்சியில் வசனமே இல்லை. காணாமல் போன மகனின் படத்தை மடியில் வைச்சுக்கொண்டு ஒரு தாய் கதிரையில் இருக்கிறா. அவ்வளவுதான். வெளிச்சம் நாற்பது செக்கனில் மெல்ல மெல்ல வடிஞ்சு இருட்டாக வேணும். இரண்டு மாதம் ஒத்திகை பார்த்ததே அந்த நாற்பது செக்கனுக்காகத்தான்.

மேடையில் நடந்தது வேறை. வாடகைக்கு எடுத்த எல்.ஈ.டி. லைற்றுகளுக்குக் கீழே எங்கட தோழியின் முகம் சாம்பலும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தில் இருந்தது. மௌனத்துக்கு நடுவில் லைற்றுகளின் காற்றாடிகள் இரைஞ்சன. வெளிச்சம் வடியவில்லை. படி இறங்குற மாதிரித் துள்ளித் துள்ளி விழுந்து, கடைசியில் ஒரேயடியாக அணைஞ்சுது. பின்வரிசையில் ஒரு சின்னப் பெடியன் "பேய்" என்று சிரிச்சான். இந்த நாடகத்துக்காகத் தங்கட கதையை எங்களுக்குச் சொன்ன அம்மாமார் இரண்டு பேர் முன்வரிசையில் இருந்தவை. முடிஞ்ச பிறகு ஒரு அம்மா வந்து அவளின் கையைப் பிடிச்சு, "பிள்ளை, உன்ர முகம் எனக்கு வடிவாத் தெரியேல்ல" என்றா.

மேக்கப் பிழைச்சுப்போச்சு என்று நினைச்சு அவள் அழுதாள். பிழை மேக்கப்பில் இல்லை.

இதை இப்ப எழுதக் காரணம், நாங்கள் நாடகம் போடுற அந்த மண்டபத்துக்குப் புது லைற் வாங்கப் போகினமாம். குழு போட்டாச்சு. விலைமனுவும் வந்தாச்சு. குழுவில் கணக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், வயரிங் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். மேடையில் நின்ற ஆக்கள் ஒருத்தரும் இல்லை. விலைமனுவில் உள்ளது இவ்வளவுதான்: 24 பார் லைற், ஒவ்வொன்றிலும் 3 வொற் குமிழ் 54, ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட நிறங்கள், பாட்டுக்கு ஏற்பத் தானாகவே மின்னும் வசதி. எங்களுக்கு நடந்தது இனி வாற ஒவ்வொரு வருசத்துப் பிள்ளைகளுக்கும் நடக்கப் போகுது. ஒருக்கா வாங்கினால் பத்துப் பதினைந்து வருசத்துக்கு வேறை வாங்க மாட்டினம்.

முதலிலேயே சொல்லிப்போடுறன், நான் எல்.ஈ.டி.க்கு எதிரானவன் இல்லை. பழைய பார் 64 லைற் ஒன்று 1000 வொற் எடுக்கும். 12 லைற் போட்டால் 12,000 வொற். 15 அம்பியர் பிளக் ஒன்றிலிருந்து 230 வோல்ற்றில் எடுக்கக்கூடியது 3,450 வொற், அதாவது மூன்று லைற். மிச்சத்துக்கு ஜெனரேற்றர் பிடிக்க வேணும், டீசல் அடிக்க வேணும். 160 வொற் எல்.ஈ.டி. என்றால் 12 லைற்றும் அந்த ஒரே பிளக்கில் ஓடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்து பார்த்த எங்களுக்கு இதின்ர அருமை தெரியும். எல்.ஈ.டி. வேணும். எந்த எல்.ஈ.டி. என்பதுதான் சண்டை.

அந்த ஒன்றரைக் கோடி நிறக் கதையைப் பாருங்கோ. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படி. மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. வெறும் பெருக்கல் கணக்கு. மூன்றையும் கலந்து வெள்ளைச் சுவரில் அடிச்சால் வெள்ளை மாதிரித்தான் இருக்கும், கண் ஏமாந்துபோகும். ஆனால் பச்சைக்கும் சிவப்புக்கும் இடையில் இருக்க வேண்டிய மஞ்சள், செம்மஞ்சள் ஒளி அதில் மிகக் குறைவு. தன்னில் படுகிற ஒளியைத்தான் எந்தப் பொருளும் திருப்பித் தரும். எங்கட மண்ணிறத் தோல் கூடுதலாகத் திருப்பித் தருவது அந்தச் செம்மஞ்சள், சிவப்புப் பக்கத்து ஒளியை. அதில் பாதியைக் குடுக்காமல் விட்டால் முகம் செத்துப்போகாமல் என்ன செய்யும்? மஞ்சள் பூசின நெற்றியும் குங்குமமும் பட்டுச் சேலையும் அதோடு சேர்ந்து சாகும்.

இதை அளக்கிறதுக்கு ஒரு எண் இருக்கு, சிஆர்ஐ. பழைய இழைக் குமிழுக்கு அது கிட்டத்தட்ட 100. "எங்கட லைற்றுக்கு 80" என்று கடைக்காரர் சொன்னால் உடனே சந்தோசப்படாதேங்கோ. அந்தச் சராசரி எட்டு வெளிர் நிறங்களை மட்டும் வைச்சுப் போடுறது. கடும் சிவப்பு அதுக்குள்ள இல்லை, ஆர்9 என்று தனியாகக் கேக்க வேணும். 80 இருக்கிற லைற்றில் ஆர்9 பூச்சியத்துக்குப் பக்கத்திலும் இருக்கலாம். முகத்துக்கு அடிக்கிற லைற்றுக்கு 90க்கு மேல் கேளுங்கோ, ஆர்9 எவ்வளவு என்றும் எழுத்தில் கேளுங்கோ. பேசாமல் இளஞ்சூட்டு வெள்ளை மட்டும் தாற லைற் வாங்கினாலும் முகத்துக்குக் காணும். நிறமும் வேணும் என்றால் மூன்றோடு செம்மஞ்சளோ எலுமிச்சை நிறமோ சேர்ந்த லைற் பாருங்கோ. ஈ.டி.சி. மாதிரி நாடக லைற் செய்யிற நிறுவனங்கள் எலுமிச்சை நிறத்தைச் சேர்த்தது சும்மா இல்லை.

அடுத்தது அந்த நாற்பது செக்கன். இழைக் குமிழைக் குறைச்சால் இழை ஆறி, சிவந்து, தானாகவே மெல்ல அடங்கும். எல்.ஈ.டி.க்கு அப்படி ஆறுகிற பழக்கம் இல்லை, சொன்ன உடனே செய்யும். 256 படி மட்டும் இருந்தால் கீழ்ப் படிகளில் ஒவ்வொரு துள்ளலும் கண்ணில் குத்தும். ஒரு லைற்றின் ஒளிக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு டிஎம்எக்ஸ் சனலை ஒதுக்கினால் 65,536 படி கிடைக்கும். 16 பிற் என்று சொல்லுறது இதைத்தான். விலைமனுவில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"பாட்டுக் கச்சேரிக்கும் இதுதானே வேணும், பிள்ளையள் ஆடுறதுக்கு நிறம் வேணாமோ?" என்று கேக்கினம். நியாயம். இசை நிகழ்ச்சிக்கு பின்னுக்கிருந்து அடிக்கிற கடும் நீலமும் சிவப்பும் புகையும் அழகுதான். அங்கே மலிவு லைற் போதும், காற்றாடி இரைஞ்சாலும் டிரம்ஸுக்குள் கேக்காது. அதுக்காகப் பாடுற பிள்ளையின் முகமும் ஊதாவாக வேணுமோ? அதோடை மலிவு லைற் கனக்க வேகமாக அணைஞ்சு அணைஞ்சு எரியிறது. கண்ணுக்குத் தெரியாது. அப்பா போனில் எடுக்கிற வீடியோவில் கோடு கோடாக ஓடும். வெளிநாட்டில் இருக்கிற மாமா பார்க்கப்போறது அந்த வீடியோவைத்தான்.

"காசில்லை" என்றால், காசில்லாதபடியால்தான் சொல்லுறன். 24ஐ விடுங்கோ. முகத்துக்கு நல்ல லைற் எட்டு, பின்னுக்கு மலிவு லைற் ஆறு. தானாக மின்னுறதும் சுழலுறதும் பிறகு பார்ப்பம். எல்.ஈ.டி. பழுதானால் குமிழ் மாத்திற கதை இல்லை, முழு லைற்றும் இறங்கும். ஆகவே நாட்டுக்குள்ளேயே திருத்தித் தரக்கூடியவரிட்ட வாங்குங்கோ. முன்பக்கம் சபைக்கு மேலே லைற் கொழுவ ஒரு பைப்பும் வேணும். இரண்டு பக்கத்தாலும் 45 பாகையில் முகத்துக்கு அடிக்கச் சொல்லி மெக்கண்ட்லஸ் 1932இலேயே புத்தகம் எழுதிப்போட்டார். உச்சியிலிருந்து மட்டும் அடிச்சால் எவ்வளவு நல்ல லைற்றும் கண்குழியை மண்டையோடாக்கும்.

மட்டக்களப்பில் வட்டக்களரியில் கூத்தாடினபோது தீப்பந்தம்தான் வெளிச்சம். கரப்புடுப்பின் மினுக்கமும் அரிதாரமும் அந்தச் செம்மஞ்சள் ஒளியில் உயிர் பெற்றவை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது ஒளியும் நாடகத்தின் ஒரு வேலையாக மாறினது. அந்த மரபைப் படிச்சுச் சோதினை எழுதுகிற எங்களிட்ட ஒரு சொல் கேக்காமல் லைற் வாங்கினம்.

குழுவில் இருக்கிற ஆக்களிட்ட நான் கேக்கிறது பெரிசில்லை. கையெழுத்து வைக்க முதல் மாதிரிக்கு ஒரு லைற்றை மண்டபத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ. மற்ற எல்லாத்தையும் அணையுங்கோ. எங்களில் ஒருத்தரை மேக்கப் இல்லாமல் கதிரையில் இருத்துங்கோ. நாற்பது செக்கனில் இருட்டாக்கிப் பாருங்கோ, காதைக் குடுத்துக் கேளுங்கோ, போனில் வீடியோ எடுங்கோ. ஐந்து நிமிச வேலை. ஆள் வேணும் என்றால் நாங்கள் வாறம்.

அந்த நாடகத்தைத் திரும்பவும் போடப்போறம். அந்த அம்மாவையும் கூப்பிட்டு முன்வரிசையில்தான் இருத்துவம். இந்தமுறை அவ முகத்தைப் பார்க்க வேணும்.